எல்லைப்புறப் பெண்களின் சரித்திரம் எல்லைப்புறத்துக்குத் திரும்ப வேண்டும்

வளரும் நாடுகளில் பெண்கள் நடத்திய அரசியல் இயக்கங்களைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்டிருக்கும் நூல்களையும் கட்டுரைகளையும் ஒருவர் திரட்டி வைப்பாராயின், அவை ஒரு பெரிய நூலகத்தையே நிரப்பும். ஆயினும், அந்த நூல்களுக்குப் பொருளாய் அமைந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர், தங்களைப் பற்றி இவ்வளவு சிந்திக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தியைக்கூட அறியாமலே வாழ்ந்து மறைகிறார்கள். அவர்களிடமிருந்து பெறப்பட்ட ஞானம் அவர்களுக்குத் தெரியாத பாஷையில், அவர்கள் போக இயலாத தேசங்களில், அவர்கள் வாங்க இயலாத விலையில் இருக்கிறது. இந்த நிலைமை மாற வேண்டும் என்பதும், அந்த மாற்றத்தைத் தொடங்குவதற்குக் கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலை, அம்பூரி வட்டாரத்தைவிடத் தகுதியான இடம் கிடைப்பது அரிது என்பதுமே இங்கு நாம் வலியுறுத்த விரும்புவன.

அம்பூரியை வெளியுலகம் பெரும்பாலும் 2001ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி இரவில் நிகழ்ந்த மண்சரிவைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், அகத்தியமலைத் தொடரின் அடிவாரத்தில், ஒரு பக்கம் நெய்யாறு நீர்த்தேக்கமும் அதன் மறுகரையில் காணிக்காரர் குடியிருப்புகளும், மறுபக்கம் குமரி மாவட்டத்தின் ஆறுகாணியும் பத்துகாணியுமாக அமைந்திருக்கும் அந்த ஊர், மத்திய திருவிதாங்கூரிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகளும், மலையின் ஆதிக்குடிகளும், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசும் உழைப்பாளிகளும் கலந்து வாழும் இடமாகும். ரப்பர் தோட்டத்திலும் மரச்சீனி விளையிலும் உழைத்து, வெள்ளறடைக்கும் பனச்சமூட்டுக்கும் களியக்காவிளைக்கும் சந்தைக்குப் போய் வரும் இவ்வூர்ப்புறப் பெண்கள், இரண்டு ராஜ்யங்களின் எல்லையை அன்றாடம் கடக்கிறவர்கள். அவர்களுடைய பாட்டிமார் காலத்தில் அந்த எல்லையே கிடையாது. தோவாளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு அப்பாலும் நீண்டு கிடந்த அந்தத் தென் திருவிதாங்கூர்தான், இந்திய தேசத்தில் பெண்கள் நடத்திய மிக நீண்ட போராட்டங்களுள் ஒன்றுக்கு, தோள்சீலைப் போராட்டத்துக்கு, நிலைக்களமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒரு மனிதர் எதை உடுக்கலாம், எந்த ஆபரணத்தை அணியலாம், எந்த வழியில் நடக்கலாம், குடை பிடிக்கலாமா, செருப்புப் போடலாமா என்பவை யாவும் பிறந்த சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தன. அக்காலத்து ஆவணங்கள் சாணார் என்று குறிப்பிடும் நாடார் குலப் பெண்களும், அவர்களைப் போன்றே ஒடுக்கப்பட்ட பிற குலங்களின் பெண்களும் மார்பை மறைத்து உடுத்துவது குற்றமாகக் கருதப்பட்டது. அந்த நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தத்தில், பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் சமஸ்தானத்தின் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ, கிறிஸ்தவ சமயம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டையை அணியலாம் என்று அனுமதி அளித்தார். ஆனால் பெண்கள் அந்தக் குப்பாயத்தோடு நில்லாமல், மேல்சாதிப் பெண்களைப் போலவே தோளின் மீது மேல்சீலையும் இட்டுக்கொண்டு சந்தைக்கும் ஆலயத்துக்கும் வரத் தொடங்கியபோது, கலகம் மூண்டது. 1822இல் கல்குளம் பகுதியில் பெண்கள் தாக்கப்பட்டார்கள். 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் அவர்களுக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தது. 1827 தொடங்கி 1829 வரையில் மறுபடியும் கலவரம் பரவி, பள்ளிகளும் ஆலயங்களும் தீக்கிரையாயின.

1829ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி ரீஜென்ட் ராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட பிரகடனம், குப்பாயம் அணியலாம், மேல்சீலை கூடாது என்று விதித்ததோடு, அந்த மக்கள் சர்க்காருக்குக் கூலியின்றிச் செய்துவந்த ஊழியத்தை வழக்கம்போல் செய்யவேண்டும் என்றும், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதிலிருந்து விலக்கு என்றும் வகுத்தது. அதன் பின்னரும் மூன்று தசாப்தங்கள் கழிந்தன. 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வெளியான காலத்தில், தெற்குத் தாலுகாக்களின் சந்தைகளிலும் பொதுவழிகளிலும் பெண்களின் மேலாடைகள் மீண்டும் பறித்துக் கிழிக்கப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன. சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் டிரெவெல்யனின் வற்புறுத்தலும், திவான் மாதவராவின் ஆலோசனையும் சேர்ந்து, 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி உத்திராடம் திருநாள் மகாராஜாவின் பிரகடனத்தில் முடிந்தன. எல்லா சமயத்து நாடார் பெண்களும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. எனினும், மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற தடையை அப்போதும் அது விடவில்லை.

இந்தச் சம்பவங்களைத் தேதி வரிசையில் படிக்கிறபோது, அரசர்களும் திவான்களும் ரெசிடென்டுகளும் மிஷனரிகளும் மாறி மாறி வந்து ஒரு பிரச்சினையைத் தீர்த்துவைத்தார்கள் என்பது போன்ற ஒரு தோற்றம் உண்டாகிறது. ஆனால் உண்மையில் நிகழ்ந்தது என்னவென்று சற்று நின்று யோசிக்கவேண்டும். முதல் அனுமதிக்கும் கடைசிப் பிரகடனத்துக்கும் இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது. ஒரு தாய் தொடங்கியதை மகள் தொடர்ந்து, பேத்தி முடித்திருக்கிறாள். இதற்கு ஒரு சங்கம் இல்லை, கொடி இல்லை, தலைவர் என்று ஒருவர் இல்லை, சந்தா இல்லை, தீர்மானம் இல்லை. ஒவ்வொரு சந்தை நாள் காலையிலும், இன்று இந்தச் சீலையை இட்டுக்கொண்டு போனால் வழியில் என்ன நேரும் என்பதை நன்றாக அறிந்திருந்தும், அதை எடுத்துத் தோளில் இட்டுக்கொண்டு புறப்பட்ட பெண்களின் தீர்மானமே அந்த இயக்கத்தின் முழு பலமாக இருந்தது. அடிபட்டுத் திரும்பிய மறுவாரமும் அவர்கள் போயிருக்கிறார்கள். அப்படிப் போயிராவிட்டால் 1829ஆம் ஆண்டோடு அந்த விவகாரம் முடிந்திருக்கும்.

இத்தகைய பெண்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? எத்தனை பேர் தம் வாயால் சொன்ன சொல் நமக்குக் கிடைத்திருக்கிறது? ரெசிடென்டுக்கும் திவானுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து பத்திரமாக இருக்கிறது. லண்டன் மிஷனரி சங்கத்தாரின் கடிதங்கள் லண்டன் மாநகரில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியின் காப்பகத்தில் வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. பாறசாலையிலேயே வசித்து ஊழியம் புரிந்த ஜான் ஆப்ஸ், தமது இருபத்திரண்டு ஆண்டு அனுபவங்களை 1870இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். சாமுவேல் மட்டீர் 1871இலும் 1883இலும் திருவிதாங்கூரைப் பற்றி இரு பெருநூல்கள் எழுதினார். அமெரிக்கரான ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1968இல் இப்போராட்டத்தைப் பற்றித் தனி ஆய்வுக் கட்டுரையே எழுதி, மறுவருஷம் நாடார் சமூகத்தைப் பற்றிய தமது நூலையும் வெளியிட்டார். இவர்கள் அனைவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும், மனு எழுதியவர் மிஷனரி, பதில் எழுதியவர் திவான், தீர்ப்பெழுதியவர் நீதிபதி, ஆராய்ச்சி எழுதியவர் பேராசிரியர் என்ற இந்த நீண்ட வரிசையில், சீலையை இட்டுக்கொண்ட பெண் மட்டும் பேசாமல் நிற்கிறாள். அவள் ஊமையாக இருந்தாள் என்பது இதற்குக் காரணமாகாது. அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை என்பதே காரணம்.

வேறு விதமாகவும் நடந்திருக்கக்கூடும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். 1929ஆம் ஆண்டின் இறுதியில் நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியில், தங்கள் மீதும் வரி விதிக்கப்படப்போகிறது என்று அஞ்சிய இக்போ, இபிபியோ இனப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, காலனி ஆட்சியின் நீதிமன்றங்களையும் அது நியமித்த தலைவர்களையும் எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள். அதைத் தொடர்ந்து 1930இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, அரசாங்கத்தின் குழுவாகவே இருந்தபோதிலும், போராடிய பெண்களையே சாட்சிகளாக அழைத்து அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தது. அந்தச் சாட்சியங்கள் இருந்த காரணத்தினால்தான், பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அப்பெண்கள் எப்படி ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினார்கள், எந்தச் சந்தையில் கூடினார்கள், எதைத் தங்கள் உரிமை என்று கருதினார்கள் என்பதையெல்லாம் அறிந்து எழுத முடிந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு குழு அமைந்து, கல்குளத்துப் பெண்ணையும் பாறசாலைப் பெண்ணையும் அழைத்துக் கேட்டிருந்தால், உலகத்தின் பெண்ணியச் சிந்தனைக்கே நாம் ஓர் அரிய நூலைத் தந்திருப்போம்.

அப்படிக் கேட்காமல் விட்டதனால் நேர்ந்த நஷ்டம் எத்தகையது என்பதை ஆராய்ச்சியுலகில் புகழ்பெற்ற ஒரு கொள்கையைக் கொண்டே விளக்கலாம். நிகராகுவா நாட்டில் 1979இல் நிகழ்ந்த புரட்சிக்குப் பின் அங்குள்ள பெண்களின் நிலையை ஆராய்ந்த மாக்ஸீன் மோலினோ என்னும் அறிஞர், 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண்களின் நலன்களை இரு வகையாகப் பிரித்தார். தண்ணீர், உணவு, கூலி, குழந்தைகளின் சுகம் முதலிய அன்றாடத் தேவைகளைச் சார்ந்தவை ஒரு வகை. பெண்ணைக் கீழ்ப்படுத்தி வைத்திருக்கும் அமைப்பையே மாற்ற முனைகின்றவை மற்றொரு வகை. அந்தப் பாகுபாடு அதன் பின் நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ தேசங்களில் எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு அளவுகோலாய் விளங்கி வருகிறது; அதன் பயனை மறுப்பதற்கில்லை.

ஆனால், தோள்சீலையை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சுமையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்கு நடக்கும் பெண் தன் மார்பை மறைத்துக்கொள்ள விரும்புவது அன்றாடத் தேவையா, அமைப்பை எதிர்க்கும் செயலா? அவளைப் பொறுத்தவரையில் இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளியும் இல்லை. ஒரு முழத் துணிக்காக அவள் கேட்டது, அந்தத் துணியைத் தடுத்த சாதிமுறையையே கேள்வி கேட்டதாக ஆகிவிட்டது. இதை அவளுக்கு முன்பாகவே அரசாங்கம் உணர்ந்திருந்தது போலும்; இல்லையெனில், 1829ஆம் ஆண்டுப் பிரகடனம் பெண்ணின் ஆடையையும் கூலியில்லா ஊழியத்தையும் ஒரே ஏட்டில் சேர்த்துப் பேசியிருக்காது. ஆடையைத் தளர்த்தினால் ஊழியமும் தளரும், ஊழியம் தளர்ந்தால் வேலையாட்களின் மீதுள்ள அதிகாரமே தளரும் என்பது ஆண்டவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எனவே, சிறிய தேவைக்கும் பெரிய மாற்றத்துக்கும் இடையே கோடு கிழிக்கும் எந்தக் கொள்கையும் தென் திருவிதாங்கூரின் சந்தைகளுக்கு வந்து தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நம் எல்லைப்புறம் பிறருடைய கொள்கைகளுக்கு உதாரணம் வழங்கும் இடமாக மட்டும் இராமல், அக்கொள்கைகளைத் திருத்தும் இடமாகவும் இருக்கத் தகுதியுடையது.

பெண் விடுதலை என்பது மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று சொல்வாருக்கு, இலங்கைப் பேரறிஞர் குமாரி ஜயவர்தன 1986இல் வெளியிட்ட நூலில் தக்க விடை அளித்திருக்கிறார். துருக்கி, எகிப்து முதல் சீனா, ஜப்பான் வரையில் பல தேசங்களின் சரித்திரத்தை ஆராய்ந்த அவர், அங்கெல்லாம் பெண்களின் எழுச்சி அந்தந்த மண்ணின் சீர்திருத்தப் போராட்டங்களிலிருந்தும் சுதந்திரப் போராட்டங்களிலிருந்தும் முளைத்தது என்று நிறுவினார். சந்திரா தல்பாதே மோஹந்தி, மூன்றாம் உலகத்துப் பெண்கள் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்த பேதைகளாகக் காட்டும் மேல்நாட்டு எழுத்தைக் கண்டித்து எழுதியது அதே தசாப்தத்தில்தான். நம் வட்டாரத்தின் சரித்திரம் இவ்விருவர் கூற்றுக்கும் சான்றாகிறது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் நிறுவிய பெண்கள் பள்ளியும் பின்னல் தொழிலும், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம்மை நாடி வந்த மக்களுக்கு ஊட்டிய தன்மான உணர்ச்சியும், பெண்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்ட தீர்மானமும் ஒன்றோடொன்று கலந்தே அந்த எழுச்சி உருவாயிற்று. இவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, அதுவே முழுக் காரணம் என்பது நியாயமாகாது.

அதேபோல், இந்தச் சரித்திரத்தை ஒரு குலத்தின் பெருமையாக மட்டும் சுருக்குவதும் நியாயமாகாது. 1859ஆம் ஆண்டுப் பிரகடனம் வெளியானபோது, சமஸ்தானத்தில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. புலையர், பறையர் குலப் பெண்களின் துயரம் அந்தப் பிரகடனத்தால் தீரவில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த மகாத்மா அய்யன்காளி, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் தசாப்தத்தில் பஞ்சமி என்னும் புலையர் குலச் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அந்தக் குழந்தை உட்கார்ந்த பள்ளியே கொளுத்தப்பட்டது. 1915இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் மூண்ட கலவரத்துக்குப் பின், புலையர் குலப் பெண்கள் தங்கள் அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளை ஒரு பொதுக்கூட்டத்திலேயே அறுத்தெறிந்தார்கள். தோள்சீலையும் பஞ்சமியின் பள்ளியும் கல்மாலையும் ஒரே சரித்திரத்தின் மூன்று அத்தியாயங்கள். அவற்றைச் சேர்த்துப் படிக்கிற ஆராய்ச்சியே முழுமையான ஆராய்ச்சி. நெய்யாறு நீர்த்தேக்கத்தின் மறுகரையில் வாழும் காணிக்காரப் பெண்களின் அத்தியாயமோ, இன்னும் தக்கபடி எழுதப்படவே இல்லை.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அன்று முதல் ஒரே சரித்திரம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. சமஸ்தானத்தின் ஆவணங்கள் திருவனந்தபுரத்தில் மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடக்கின்றன. போராட்டத்தின் முக்கியக் களங்களோ தமிழ்நாட்டில் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி, இரு மாநில முதலமைச்சர்களும் நாகர்கோவிலில் ஒரே மேடையில் நின்று தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது வரவேற்கத்தக்க செயல். ஆனால் மேடையில் கூடிய இரு அரசுகளும் நூலகத்திலும் காப்பகத்திலும் கூடவேண்டும். விழா ஒரு நாளில் முடிந்துவிடும், ஆராய்ச்சி தலைமுறைகளுக்கு நிற்கும்.

பாடநூல்களுக்கு நேர்ந்த கதியையும் இங்கே சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் இப்போராட்டத்தைப் பற்றி இடம்பெற்றிருந்த பகுதியை, அதில் கூறப்பட்ட சில செய்திகளுக்கு எழுந்த ஆட்சேபங்களை அடுத்து, 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பாடத்திட்டத்திலிருந்து விலக்கியது. 2019இல் ஆடையின் சமூக சரித்திரம் பற்றிய அந்த அத்தியாயமே பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது. பிழை இருந்தால் திருத்தவேண்டும். திருத்துவதற்குப் பதிலாக நீக்கினால், பிழையோடு உண்மையும் போய்விடுகிறது. யாருடைய சரித்திரமோ அவர்களோடு கலந்து பேசாமல் எழுதிய பாடம் முதலில் மனத்தாங்கலையும் பின்னர் மௌனத்தையுமே விளைவிக்கும் என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

இவையெல்லாம் பழங்கதை, இன்றைய பெண்களுக்கு இவற்றால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். இன்றைய நிலைமையைப் பார்ப்போம். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகளின் இடங்களில் பாதி 2010ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் அரசுத் திட்டத்தின் அயல்கூட்டங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டிலோ, 1989இல் தர்மபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் பரவியிருக்கின்றன. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ச்சி நடத்திய ராகவேந்திர சட்டோபாத்யாய, எஸ்தர் டஃப்லோ ஆகியோர், ஒதுக்கீட்டின் மூலம் பெண்கள் தலைமைக்கு வந்த பஞ்சாயத்துகளில் குடிநீர் போன்ற, பெண்கள் அதிகம் வேண்டிய பணிகளுக்குக் கூடுதல் பணம் செலவிடப்பட்டது என்று 2004இல் நிரூபித்தார்கள். ஆனால் திருவனந்தபுரத்து ஆய்வாளர் ஜே. தேவிகா முதலியோர், கேரளத்துப் பெண்கள் நலத்திட்டங்களை விநியோகிக்கும் பொறுப்பில் நிறைந்திருந்தும், அரசியல் தலைமைக்கு ஏறும் படிகளில் தடுக்கப்படுகிறார்கள் என்று எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் 140 இடங்கள் கொண்ட கேரளச் சட்டமன்றத்துக்குத் தேர்வான பெண்கள் 11 பேர். 234 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 12 பேர். அயல்கூட்டத்தில் நிறைந்திருக்கும் பெண் சட்டமன்றத்தில் ஏன் இல்லை என்னும் வினாவை அம்பூரியிலும் வெள்ளறடையிலும் உள்ள ஒரு பஞ்சாயத்து உறுப்பினரே எழுப்பி, அதற்கு உரிய விடையைத் தாமே ஆராயும் நிலை வரவேண்டும்.

கட்சிகளும் தொழிற்சங்கங்களும் பெண்களின் குரலை எவ்வளவு தூரம் ஏந்துகின்றன என்பதும் ஆராயவேண்டிய விஷயமே. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா லிண்ட்பெர்க், கேரளத்து முந்திரித் தொழிற்சாலைப் பெண்களோடு அமர்ந்து அவர்கள் வாய்மொழியைக் கேட்டு 2001இல் எழுதிய நூல், போராட்டத்தில் முன்னணியில் நின்ற பெண்கள் கூலி பேசும் மேஜையில், குடும்பத்தைக் காப்பவன் ஆணே என்ற கருத்தினால், எப்படிப் பின்தள்ளப்பட்டார்கள் என்பதைக் காட்டுகிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துத் தாங்களே சாலையில் அமர்ந்து, பெம்பிளை ஒருமை என்ற பெயரோடு வெற்றி கண்டார்கள். 2025 பிப்ரவரி முதல் கேரளத்தின் ஆஷா சுகாதார ஊழியர்கள், தங்கள் மாத மதிப்பூதியமான 7,000 ரூபாயை 21,000 ரூபாயாக உயர்த்தக் கோரி, திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் இரவு பகலாக அமர்ந்து, மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் போராடினார்கள். 1975 முதல் 2005 வரை 70 நாடுகளின் நிலையை ஒப்பிட்ட மாலா ஹ்டுன், லாரல் வெல்டன் ஆகியோரின் ஆராய்ச்சி, பெண்களுக்கெதிரான வன்முறையைத் தடுக்கும் சட்டங்கள் உருவானதற்கு நாட்டின் செல்வத்தையும் சட்டமன்றத்துப் பெண்களின் எண்ணிக்கையையும்விட, கட்சிகளைச் சாராத பெண்கள் இயக்கங்களே முக்கியக் காரணம் என்று கண்டது. அம்முடிவை மூணாற்றுச் சாலையில் அமர்ந்த தொழிலாளி அறிந்திருந்தால், தன் பலம் இன்னதென்பதற்கு உலக அளவிலான ஒரு சான்று அவள் கையில் இருந்திருக்கும். ஆராய்ச்சியின் பயன் என்று நாம் கருதுவது இதைத்தான்.

ஆகவே செய்யவேண்டியவை சில உள்ளன. முதலாவதாக, கேரளப் பல்கலைக்கழகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், எல்லையின் இரு பக்கத்துக் கல்லூரிகளையும் சேர்த்துக்கொண்டு, தென் திருவிதாங்கூர்ப் பெண்களின் அரசியல் சரித்திரத்துக்கென ஒரு கூட்டு ஆராய்ச்சித் திட்டத்தை ஏற்படுத்தவேண்டும்; திருவனந்தபுரத்து ஆவணங்களையும் லண்டனில் உள்ள கடிதங்களையும் பிரதி எடுத்து, தமிழிலும் மலையாளத்திலும் பதிப்பிக்கவேண்டும். இரண்டாவதாக, முந்திரி ஆலைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் சந்தைகளிலும் உழைத்து இன்று முதுமை எய்தியிருக்கும் பெண்களின் வாய்மொழிச் சாட்சியங்களை, அவர்கள் பேசும் எல்லைத் தமிழிலேயே, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யவேண்டும். இது ஒத்திவைக்கக்கூடிய வேலை அன்று, ஏனெனில் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். மூன்றாவதாக, வெளிநாட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ ஒரு கிராமத்துக்கு வந்து ஆராய்ச்சி நடத்தும் எவரும், தம் முடிவுகளை அந்தக் கிராமத்தின் பாஷையில் எழுதி, கிராமசபையில் படித்துக்காட்டி, அங்குள்ள நூலகத்தில் ஒரு பிரதியை வைத்த பின்னரே தம் வேலை முடிந்ததாகக் கொள்ளவேண்டும். இந்த நிபந்தனையைப் பல்கலைக்கழகங்கள் விதிகளாகவே இயற்றலாம். நான்காவதாக, எல்லைப்புறக் கல்லூரிகளில் பயிலும் பெண்களுக்கு, தங்கள் சொந்த ஊரின் சரித்திரத்தை ஆராய உதவித்தொகை வழங்கவேண்டும். அம்பூரியைப் பற்றி அம்பூரியில் பிறந்த பெண் எழுதும் ஆராய்ச்சிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வதற்கில்லை.

இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் நினைவு மண்டபங்களுக்கும் சிலைகளுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். இரு மாநில அரசுகளும் இதைத் தங்கள் கடமையாக ஏற்கவேண்டும். அவை தாமதித்தால், கிராமப் பஞ்சாயத்துகளும் அயல்கூட்டங்களும் ஊர் நூலகங்களும் ஆசிரியர்களும் தாங்களாகவே தொடங்கவேண்டும். தோள்சீலையை இட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்கள் எவருடைய உத்தரவுக்காகவும் காத்திருக்கவில்லை. அவர்கள் பெயர்களை நாம் இழந்துவிட்டோம். மூணாற்றிலும் தலைமைச் செயலகத்தின் முன்னும் அமர்ந்த பெண்களின் பெயர்களையும் சொற்களையும் அவ்வாறு இழப்போமாயின், அதற்கு எந்த அரசரையும் எந்த மிஷனரியையும் குறைகூற நமக்கு உரிமை இராது. உங்கள் வீட்டிலும் உங்கள் ஊரிலும் சொல்வதற்குச் சரித்திரம் உள்ள பெண்கள் இருக்கிறார்கள்; அவர்களிடம் கேளுங்கள், எழுதுங்கள், அச்சிடுங்கள்.